திரும்பி வரும் பஸ்ஸை முதலில் எழுது

போன மாதம் ஒரு முற்பகலில் காயத்ரி போன் செய்தாள். புதுச்சேரி பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் நான் முப்பத்தோரு வருடம் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். நிலையத்தைப் புதிதாகக் கட்டித் திறந்த பிறகு சேர்ந்தவள். கெட்டிக்காரிதான், ஆனால் அன்று குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது.

"பிலோமினாக்கா, ஜன்னல்ல ஒரு குடும்பம் நிக்குது. ரெண்டு வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு. மத்தியானம் சின்னது தூங்கற நேரத்துல எங்க போய் உக்காரலாம்னு கேக்கறாங்க. போன்ல பாத்தேன்க்கா. எந்த பஸ்ஸு, எத்தன மணிக்குன்னெல்லாம் காட்டுது. இது காட்டல."

"பெருசு என்னா கேக்குதாம்?"

"அதக் கேக்கலையே."

"கேளு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து கேட்பது எனக்குக் கேட்டது. பெரிய பையனுக்கு ரயில் பார்க்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வயதில் பாதிக் குழந்தைகளின் பதில் அதுதான். தாவரவியல் பூங்கா நடக்கிற தூரம், உள்ளே தள்ளிப் போனால் மர நிழலில் பெஞ்சுகள் இருக்கும், சின்னது மடியில் தூங்கி எழுந்ததும் கடலூர் சாலை பஸ்ஸில் ஏறி ரயில்வே கேட் அருகே இறங்கட்டும், ரயில் எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்துச் சொல்லிவிடு என்றேன்.

சாயங்காலம் அவளே மறுபடியும் கூப்பிட்டாள். "இந்த மாதிரி வெவரமெல்லாம் எங்கியாவது எழுதி வெச்சிருக்கீங்களாக்கா?"

நிறைய எழுதினேன். எழுதியதையெல்லாம் அப்போதே கேட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. லாஸ்பேட்டையில் அம்மாவோடு இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. தேர்வு எழுதி வந்த எங்கள் கூட்டத்தில் விசாரணை ஜன்னலுக்குப் போக ஒருவரும் விரும்பவில்லை. நாள் முழுக்க ஜனங்களோடு கத்த வேண்டும் என்று பயம். கடைசியாகக் கையெழுத்துப் போட வந்தவள் நான், எனவே அது எனக்கு வந்தது.

எங்கள் மேலதிகாரி லூர்துசாமி. பழைய டிரைவர்கள் அவரை 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து எங்கள் ஊரில் தங்கிவிட்ட சொல். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில். பேனாவால் எதையும் எழுத மாட்டார். "பஸ் நேரம் மாறும்" என்பார். திட்டவும் மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். பதில் வரும்வரை நகர மாட்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று தோன்றும்.

"ஜன்னல்ல உக்கார்றதுக்கு முன்னாடி பஸ்ஸுல உக்காரு" என்று முதல் இரண்டு மாதம் என்னை ஊரெல்லாம் அனுப்பினார். தினமும் சாயங்காலம் அவர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும்.

"இன்னிக்கு என்னா பாத்தே?"

நான் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பிப்பேன்.

"அது அட்டவணையில இருக்கே" என்பார். அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் அவரே கேட்டார்: "காலைல அரியாங்குப்பத்துலேர்ந்து வர்ற பஸ்ஸுல பொம்பளைங்க சீட்டுல வெயில் அடிக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் மூன்று முறை வந்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அரியாங்குப்பம் எங்களுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் வடக்கு நோக்கி வருகிறது. பெண்கள் உட்காரும் இடது பக்கம் மேற்கே இருக்கும், எனவே காலையில் நிழல். சாயங்காலம் அதே பஸ் தெற்கே திரும்பும்போது இடது பக்கம் கிழக்கு, அப்போதும் நிழல். வடக்கே காலாப்பட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு இரண்டு வேளையும் முகத்தில் வெயில். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். முசே பென்சிலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "நாளைக்கு ஜன்னலுக்குப் போ" என்றார்.

ஜன்னலில் முதல் சில வருடங்கள் எல்லோரையும் போலத்தான் இருந்தேன். கேட்ட பஸ்ஸைச் சொல்வது, நேரத்தைச் சொல்வது, அடுத்தவரைப் பார்ப்பது. ஒரு நாள் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை, நாலு வயதில் ஒரு சிறுமி. சிறுமியின் கையில் சிவப்பு நிற பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு குட்டி மண்வெட்டி.

"பீச்சுக்கு எந்த பஸ்ஸு?"

சொன்னேன். எங்கே இறங்கி எப்படி நடக்க வேண்டும் என்றும் சொன்னேன். மணி அப்போது பதினொன்றேகால்.

மூன்று மணிக்கெல்லாம் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நடைமேடையில் பெஞ்சில் ஒரு முனையில் அப்பா, மறு முனையில் அம்மா. நடுவில் அந்தச் சிறுமி ஒற்றைச் செருப்போடு தேம்பிக்கொண்டிருந்தாள். வாளி காலியாக இருந்தது. தவறான பஸ்ஸைச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. ஜன்னலை ஐந்து நிமிடம் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

"ஏம்மா, பஸ் சரியா கெடைக்கலியா?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பஸ்ஸெல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான் வந்துச்சு. மண்ணுதான் இல்ல."

அப்போது கடற்கரைச் சாலையில் இருந்ததெல்லாம் கருங்கல். கரை முழுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் அந்தக் கற்களின் மேல் நின்று வாளியில் அள்ள மண் தேடியிருக்கிறாள் அந்தக் குழந்தை. ஒரு செருப்பு கல் இடுக்கில் விழுந்துவிட்டது. அதை எடுக்கப் போன அப்பாவைப் போக வேண்டாம் என்று அம்மா கத்த, அப்படியே சண்டை.

வாளி என் ஜன்னல் விளிம்புக்கு நேராகத்தான் இருந்தது. நான் பார்த்தேன். எதற்கு வாளி என்று கேட்கவில்லை.

மறுநாள் முதல், குழந்தைகளோடு வருகிறவர்களிடம் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். குழந்தைக்கு என்ன வயது? மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்கும்? பஸ்ஸில் வாந்தி எடுக்குமா? தூக்கிக்கொண்டு நடப்பீர்களா, நடத்திக் கூட்டிப் போவீர்களா? என்ன பார்க்க ஆசைப்படுகிறது? இதற்குள் வரிசை நீண்டுவிட்டது. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருவர் நேராக முசேயிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார்.

முசே வந்து என் முதுகுக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றார். ஜன்னல் ஓய்ந்ததும் கேட்டார்.

"இந்தக் கேள்வியெல்லாம் எதுக்கு?"

வாளிக் கதையைச் சொன்னேன்.

"உனக்குப் புள்ளைங்க இல்ல. இதுங்க தூங்கற நேரத்தப் பத்தி உனக்கு ஏன் இவ்ளோ ஆசை?"

"தெரியாததாலதான் சார் கேக்கறேன்" என்றேன். உண்மையும் அதுதான்.

அவர் மூன்று விதிகள் சொன்னார். கூட்டம் குறைந்த நேரத்தில், பதினொன்று முதல் பன்னிரண்டரை வரையும் இரண்டு முதல் மூன்றரை வரையும்தான் இப்படிக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு இடத்துக்கு மேல் எழுதக் கூடாது. மூன்றாவதுதான் எனக்கு வினோதமாக இருந்தது.

"திரும்பி வர்ற பஸ்ஸ முதல்ல எழுது. தாளோட தலைப்புலயே. போற பஸ்ஸ அப்புறம் எழுதிக்கலாம்."

"ஏன் சார்?"

"போறப்ப எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."

திரும்பும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தது. நாலரை பஸ் என்றால் நாலு மணிக்கு நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பிக்க வேண்டும். மூன்றே முக்காலுக்குக் குழந்தைக்கு ஏதாவது தின்னக் கொடுத்து, ஒன்றுக்குப் போகவைத்துவிட வேண்டும். அப்படியென்றால் பூங்காவுக்கு மூன்று மணிக்காவது போயிருக்க வேண்டும். நான் நேரில் போய்ப் பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். விடுப்பு நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கடன் கேட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். எந்த இடத்தில் கழிவறை திறந்திருக்கும், எந்தக் கடைக்காரர் பால் சுடவைத்துத் தருவார், எந்த நிறுத்தத்தில் நிழல் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் கற்றேன். கண்டக்டர்கள் என் தாள்களுக்குக் 'குடும்பச் சீட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது ஜன்னலில் தலையைக் காட்டிவிட்டுப் போகச் சொல்வேன். பெற்றவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். குழந்தையிடம்தான் கேட்பேன், என்ன பிடித்தது என்று. கலங்கரை விளக்கம் பார்த்துவிட்டு வந்த ஒருவன் "பஸ்ஸுல ஒருத்தர் பைக்குள்ள கோழி வெச்சிருந்தாரு" என்றான். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் படகு பார்க்கப் போன ஒரு சிறுமி படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாறை மாதிரி இருக்கிற ஐஸ் கட்டியை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்குகிறார்களே, அதை மட்டும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ரயில்வே கேட் மூடி பஸ் கால் மணி நேரம் நின்றதைப் பற்றிப் பெரியவர்கள் எரிச்சலோடு சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணில் அதே கால் மணி நேரம் மின்னிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் எதைப் பார்க்கப் போனார்கள், குழந்தைகள் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம்.

இனி சங்கீதாவைப் பற்றி. முசே ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில மாதங்களில் நடந்தது இது.

ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வந்தாள். அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரம் இருக்கிற வீராம்பட்டினத்துக்காரி. கணவன் ஏழுமலை கடலுக்குப் போகிறவர். தனியாகத்தான் வந்திருந்தாள்.

"குடும்பச் சீட்டு எழுதிக் குடுக்கறவங்க நீங்கதானாக்கா? எம் பொண்ணுக்கு அஞ்சு வயசு. யாழினின்னு பேரு. அத பஸ்ஸுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சந்தோஷமா கூட்டிகினு போயிட்டு வரணும்."

"எங்க போவணும்?"

"எங்கனாலும் சரிக்கா."

அந்தப் பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். யாழினி அதிகம் பேச மாட்டாள். ஹாரன் சத்தம் கேட்டால் அலறுவாள், கடிப்பாள், கையை உதறிக்கொண்டு ஓடுவாள். ஒன்றரை வருடமாக அவளைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. லாஸ்பேட்டைப் பக்கம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஜூன் மாதம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், தினமும் கூட்டிக்கொண்டு வர முடிந்தால். இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் வந்தது பிப்ரவரியில்.

"ஒரு நாளு நல்லபடியா போயிட்டு வந்துட்டா அப்புறம் பழகிடும்னு தோணுதுக்கா. மொத நாளுதான் எப்படின்னு தெரியல."

அந்த வார விடுப்பில் வீராம்பட்டினம் போனேன். கடற்கரையில் ஏழுமலை படகு எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து, கயிற்றை இழுத்து இழுத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கிழிகிற சத்தம். யாழினி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதிர்கிற மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

எஞ்சின் பிடிக்கிறது என்றால் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்காரவைக்கலாம் என்று நினைத்தேன். கூட்டமில்லாத பதினொரு மணி பஸ், நிதானமான டிரைவர், பூங்கா மட்டும். திரும்பும் பஸ்ஸைத் தலைப்பில் எழுதினேன். அடுத்த விடுப்பு நாளில் நானும் கூடவே போனேன்.

யாழினி எஞ்சின் மூடியில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். அரியாங்குப்பம் தாண்டியது. சங்கீதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆற்றுப் பாலத்தின் மேல் பின்னால் வந்த ஒரு பஸ், எங்களை முந்துவதற்காக ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நீளமாக ஹாரன் அடித்தது.

அதன் பிறகு எல்லாம் ஒரே நொடியில் நடந்தது. யாழினி அலறி, அம்மாவின் முன்கையைக் கடித்து, பிடியிலிருந்து நழுவினாள். பாலம் முடிகிற இடத்தில் ஆள் இறக்க பஸ் நின்றதும் படியில் குதித்து இறங்கிச் சாலையில் ஓடினாள். நான் பின்னால் குதித்தேன். ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. அதன் கைப்பிடி குழந்தையின் தோளில் இடிக்க, அவள் விழுந்தாள். அவளைப் பிடிக்கப் போய் நானும் விழுந்தேன். அவளுக்கு முழங்காலில் ரத்தம். ஸ்கூட்டர்காரர் எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல், "இந்தப் புள்ளைய எதுக்குமா வெளிய கூட்டியாறீங்க?" என்றது.

சங்கீதா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீராம்பட்டினத்தைப் பார்க்க நடக்க ஆரம்பித்தாள். நானும் நடந்தேன். வெயிலில் ஒரு மணி நேர நடை. ஊர் எல்லையில் நின்று சொன்னாள்.

"உங்க மேல தப்புன்னு சொல்ல மாட்டேங்க்கா. நானாத்தான் வந்தேன். ஆனா இதோட போதும். வேணாம்."

ஒரு குழந்தையைச் சாகக் கொடுத்திருப்பேன். மறுநாள் முசேயிடம் போய், இனி குடும்பச் சீட்டு எழுத மாட்டேன் என்றேன்.

"நடந்தத எழுதிக் குடு" என்றார். "உனக்குத் தோணினதெல்லாம் வேணாம். நடந்தது மட்டும்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பென்சிலால் ஓர் இடத்தில் கோடு போட்டார்.

"அந்த பஸ்ஸ, ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடி குழந்தை பாத்துச்சா?"

"இல்ல சார். பின்னாலேர்ந்து வந்துச்சு."

"படகு எஞ்சின யாரு ஸ்டார்ட் பண்ணாங்க?"

"அவங்கப்பா."

"குழந்தை அத பாத்துகிட்டு இருந்துச்சா?"

யோசித்தேன். ஏழுமலை கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றி, இழுக்கத் தயாரானார். யாழினியின் கண் அவர் கையை விட்டு அகலவே இல்லை. "ஆமா சார். கயித்த இழுக்கறத பாத்துகிட்டே இருந்துச்சு."

முசே பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப அது சத்தத்துக்குப் பயப்படல. எப்ப வரும்னு தெரியாததுக்குப் பயப்படுது."

அவர் பிறகு கேட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: "ஹாரன அதுவே அடிச்சா?"

வீராம்பட்டினத்தில் பஸ் திரும்புகிற இடத்தில், பகல் பதினொன்றே முக்காலுக்கு வருகிற வண்டி பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் கிளம்பும். அந்த வண்டியின் டிரைவர் தனசேகர். ஹாரனில் வைத்த கையை எடுக்காதவர் என்று பேர் வாங்கியவர். முசே அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தனசேகர் தலையைச் சொறிந்தார்.

"முசே, என் ஹாரன் ரொம்ப மோசம்னு எல்லாருக்கும் தெரியும். இத பழகிடுச்சுன்னா மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல, வரச் சொல்லுங்க."

சங்கீதாவிடம் திரும்பப் போவதுதான் கடினமாக இருந்தது. நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொன்னதைக் கேட்டவர் ஏழுமலைதான். கயிற்றைப் பற்றிச் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டார்.

"ஆமா இல்ல..." என்றார். "அது பாக்காதப்ப இழுத்தா அழுவும். பாத்துச்சுன்னா அழுவாது. நானே இத நெனச்சுப் பாக்கல." மனைவியிடம் திரும்பினார். "நின்னுகினு இருக்கற வண்டிதான? நான் தூக்கிகினு வரேன்."

முதல் இரண்டு நாள் யாழினி பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் தோளில் இருந்தபடி எஞ்சின் மூடியைத் தொட்டாள். ஐந்தாம் நாள் டிரைவர் இருக்கையில் அப்பாவின் மடியில். தனசேகர் ஹாரனில் விரலை வைத்துக் காட்டி, "நீ அமுத்து" என்றார். அவள் அமுத்தவில்லை. எட்டாம் நாள்தான் அமுத்தினாள். அது கத்தியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்து மறுபடியும் அமுத்தினாள். பிறகு மறுபடியும். வண்டி கிளம்புகிற நேரம் தாண்டியும் அமுத்திக்கொண்டே இருந்தாள். தனசேகர் வண்டியை எடுக்கவில்லை.

நடுவில் நாலு நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு வந்தவள் எல்லாவற்றையும் மறந்ததுபோல் அழுதாள். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

மார்ச் கடைசியில், சீட்டில் எந்த இடமும் எழுதாத ஒரு பயணம் போனோம். வீராம்பட்டினத்தில் ஏறுவது, பேருந்து நிலையம் வருவது, இறங்காமல் அதே வண்டியில் திரும்புவது. அன்று முசேயும் வந்தார். பின் படியருகே ஒன்றும் தெரியாதவர் போல நின்றுகொண்டார். பாலம் நெருங்கியது. தனசேகர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "யாழினி, பின்னால ஒரு பஸ்ஸு. ஹாரன் வருது, வருது!"

அவள் காதைப் பொத்தினாள். ஹாரன் வந்தது. போனது. அவள் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கண்ணில் நீர்.

முதலில் விழித்த பயணிகளுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அதோ லாரி வருது, யாழினி, வருது!" என்றார். அடுத்து காலேஜ் பையன்கள். பேருந்து நிலையம் வருவதற்குள் பாதி பஸ் அவளுக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முசே பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார்.

ஜூனில் பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். முதல் வாரத்தில் இரண்டு நாள், லாஸ்பேட்டை பஸ் ஏறாமல் என் ஜன்னலுக்கு எதிரிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த பஸ்ஸில் தனசேகர் இல்லை, தெரிந்த முகம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்து "வருது" சொல்வதை சங்கீதாவே கற்றுக்கொண்டாள். மழைக்காலத்துக்குள் அவர்கள் தினமும் என்னைக் கடந்து போவது வழக்கமானது. முசே அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி நாளிலும் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் குழந்தை இன்னிக்குப் போச்சா?" போச்சு சார் என்றேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நான்கு பேர் ஜன்னலுக்கு வந்தார்கள். சலவைச் சட்டையில் ஏழுமலை, சங்கீதா, அவள் தோளில் எட்டு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை, இரட்டைப் பின்னலில் யாழினி. குடும்பமாக எல்லோரும் சேர்ந்து வெளியே கிளம்பியது அன்றுதான் முதல் முறையாம்.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்கக்கா" என்றாள் சங்கீதா.

"எங்க போவணும்?"

சங்கீதா மகளைப் பார்த்தாள். யாழினி எதிரே நின்ற பஸ்களைப் பார்த்தாள். பிறகு, "ரயிலு" என்றாள். அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பஸ் பின்னோக்கி வந்துகொண்டே, நான்கூடத் துள்ளிவிழும்படி ஹாரன் அடித்தது. கைக்குழந்தை திடுக்கிட்டு உதட்டைப் பிதுக்கியது. யாழினி திரும்பி அந்த டிரைவரின் கையைப் பார்த்தாள். சட்டென்று எக்கி, தம்பியின் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளால் மூடினாள். முகத்தை அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வருது, வருது" என்றாள்.

ஹாரன் இரண்டாம் முறை வந்தது. தம்பி அழவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.